மேம்பாலத்தில் போகும்போது ஜிபிஎஸ் ஏன் கீழ்ச் சாலையைக் காட்டுகிறது?

கத்திப்பாரா மேம்பாலத்தில் பலருக்கும் வரும் சந்தேகம் இது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ரேடியோ அலையில் நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. காரில் உள்ள கருவி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். செயற்கைக்கோளுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தவறிவிடும்! இடத்தைக் கணிக்க மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் போதும்; கருவியின் மலிவான கடிகாரத்தைத் திருத்தத்தான் நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

திறந்த வெளியிலும் சில மீட்டர் பிழை இருக்கும். உயரக் கணக்கில் இன்னும் அதிகம். ஆகவே உங்கள் புள்ளியை வரைபடத்தில் பொருத்தமான ஒரு சாலையோடு கருவி ஒட்டிவிடுகிறது. பாலமும் சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கையில் அந்தத் தேர்வு தவறிவிடலாம். அங்கே நான் வழிகாட்டிப் பலகையைத்தான் நம்புவேன்.