கேள்வி – பதில்: டேட்டாபேஸில் ஏற மறுக்கும் உறுப்பினர் பட்டியல்

கேள்வி: ஐயா, எங்கள் கோயில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் எக்ஸெல்லில் இருக்கிறது. அடையாள எண், பெயர், பிறந்த தேதி, கைபேசி, சந்தா என ஐந்து நெடுவரிசைகள். சிஎஸ்வியாக (நெடுவரிசைகளைக் குறியால் பிரித்து எழுதும் வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றினால், மூன்றாவது நெடுவரிசைக்குத் தரவு இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கோப்பில் தேதிகள் ஒழுங்காகத்தான் உள்ளன. தமிழில் எழுதிய பெயர்கள் மட்டும் கேள்விக்குறிகளாகிவிட்டன.
— வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உங்கள் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். நெடுவரிசைகளுக்கு நடுவே காற்புள்ளி இருக்காது, அரைப்புள்ளி இருக்கும். விண்டோஸில் தென்னாப்பிரிக்க வட்டார அமைப்பு இருந்தால் தசமத்துக்குக் காற்புள்ளி போய்விடும். ஆகவே எக்ஸெல் பிரிப்பானாக அரைப்புள்ளியை எடுத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸோ காற்புள்ளியைத் தேடுகிறது. வரி முழுவதிலும் அதற்குக் கிடைப்பது 150,00 என்ற சந்தாவில் உள்ள ஒரே ஒரு காற்புள்ளி. வரி இரண்டு துண்டாகிறது, மூன்றாவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. போஸ்ட்கிரெஸை இயக்கும் பிஜிஅட்மின் செயலியின் இம்போர்ட் பெட்டியில் டிலிமிட்டரை (பிரிப்பானை) அரைப்புள்ளியாக மாற்றுங்கள், முதல் வரி தலைப்பு என்று சொல்லும் ஹெடரை இயக்குங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு, சேமிக்கும்போது "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இம்போர்ட் பெட்டியின் என்கோடிங்கிலும் (எழுத்துக் குறிமுறையிலும்) யூடிஎஃப்-8 என்றே கொடுங்கள். கேள்விக்குறியாகிவிட்ட கோப்பிலிருந்து பெயர்களை மீட்க முடியாது, மூல எக்ஸெல் கோப்புக்கே திரும்புங்கள்.

இவ்வளவோடு ஏறிவிடும். ஆனால் ஏறியது சரியா என்பதுதான் பெரிய கேள்வி. தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம். 11 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை எக்ஸெல் 7.50403E+12 என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியில் திரையில் தெரிவதே எழுதப்படும், மீதி இலக்கங்கள் போயே போய்விடும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குவதால், அந்தப் பூஜ்யமும் விழுந்திருக்கும். எனவே சேமிக்கும் முன் அந்த நெடுவரிசைக்குக் கஸ்டம் ஃபார்மேட்டில் பதின்மூன்று பூஜ்யங்கள் கொடுங்கள், கைபேசிக்குப் பத்து. சேமித்த சிஎஸ்வியை எக்ஸெல்லில் திறந்து மறுபடி சேமிக்கவே கூடாது. பாதி நாசம் அங்கேதான் நடக்கிறது.

நேராக உறுப்பினர் அட்டவணையில் ஏற்றாதீர்கள். எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட் வகையாக ஒரு தற்காலிக அட்டவணை போட்டு அதில் இறக்குங்கள். இல்லையேல் ஒரு வரி கோணினாலும் மொத்த ஏற்றமும் ரத்தாகும். பிறகு ரீப்ளேஸ் என்ற கட்டளை மூலம் சந்தாவின் காற்புள்ளியைப் புள்ளியாக்கி நியூமெரிக்காக (எண் வகையாக) மாற்றலாம். "ஆர் 1 250,00" போன்ற தொகைகளில் ராண்டைக் குறிக்கும் எழுத்தையும் இடைவெளியையும் நீக்க வேண்டும். அந்த இடைவெளி சாதாரண ஸ்பேஸ் அல்ல, உடையா இடைவெளி (வரி முறியாதபடி வைக்கும் தனி எழுத்து); இடைவெளியை நீக்கும் டிரிம் கட்டளை அதைத் தொடாது. எண்ணும் காற்புள்ளியும் தவிர மற்றதையெல்லாம் ரெஜெக்ஸ்பி_ரீப்ளேஸ் என்ற கட்டளையால் முதலிலேயே களைவதே நிம்மதி.

தேதியில் 03/04/1975 என்று இருந்தால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பிறந்த தேதிதான். 750403 என்றால் ஏப்ரல் 3. இரண்டும் ஒத்துப்போகாத வரிகளை மட்டும் தனியே எடுத்து, உறுப்பினரிடமே கேளுங்கள். கடைசியாக, வரிகளின் எண்ணிக்கையையும் சந்தாவின் கூட்டுத்தொகையையும் எக்ஸெல்லோடு ஒப்பிடுங்கள். வேலை முடிந்ததும் சிஎஸ்வி பிரதிகளை மின்னஞ்சலிலும் பென்டிரைவிலும் விட்டுவைக்காமல் அழித்துவிடுங்கள். அடையாள எண்கள் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

கேள்வி: மாதாமாதம் புதிய பட்டியல் ஏற்றும்போது பெயர்கள் இரட்டிப்பாகின்றன.
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அடையாள எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இருமுறை வராத விதி) போட்டு, வரியைச் சேர்க்கும் இன்செர்ட் கட்டளையில் "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்" சேருங்கள்; ஏற்கெனவே உள்ள எண் வந்தால் பழைய வரியே திருத்தப்படும். ஒரே பட்டியலில் ஒரே எண் இருமுறை வந்தால் அதுவும் பிழை காட்டும், முன்னதாகவே அவற்றை நீக்குங்கள். கைபேசி எண்ணை அடையாளமாக வைக்க வேண்டாம். ஒரு வீட்டில் நான்கு பேர் ஒரே எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.