டிரஸ்ட் பெயரில் இருக்கும் சொத்தை மதிப்பீடு செய்யும்போது, சட்டப்படி உரிமையாளர் யார் என்று எப்படி உறுதி செய்வது?

கேட்டவரின் தாத்தா ஒரு குடும்ப டிரஸ்ட் எழுதி வீட்டை அதில் சேர்த்திருக்கிறார். பட்டாவும் வீட்டு வரியும் இப்போது அப்பா பெயரில். வங்கிக் கடனுக்காக மதிப்பீடு செய்ய வந்த வேல்யூவர், "ஓனர் யாருங்க?" என்று கேட்டு நின்றுவிட்டாராம்.

அவர் நின்றது சரி. நான் தஞ்சாவூர் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை பார்க்கிறேன். ஒருமுறை அப்படி நிற்காமல் போய்விட்டேன், அதில் ஒரு குடும்பம் சிரமப்பட்டது.

கும்பகோணம் அருகே ஓட்டு வீடு, பின்னால் தென்னந்தோப்பு. பட்டா, வரி ரசீது, கரண்ட் பில் மூன்றும் கடன் கேட்டவரின் காலமான அப்பா பெயரில். 30 வருட வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தேன், ஒரு பதிவும் இல்லை. "உரிமையாளர்: இன்னாரின் வாரிசுகள்" என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். வங்கி வக்கீல் தாய்ப்பத்திரம் கேட்டபோதுதான் டிரங்குப் பெட்டியிலிருந்து 1968-ஆம் வருட டிரஸ்ட் பத்திரம் வெளியே வந்தது. அப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் டிரஸ்டிகள், அதாவது டிரஸ்ட் சொத்தைப் பொறுப்பேற்று வைத்திருப்பவர்கள். முதல் இருவர் போய்ச் சேர்ந்தாயிற்று. திருச்சியில் மகள் வீட்டில் இருந்த அத்தைக்குத் தான் டிரஸ்டி என்பதே ஞாபகம் இல்லை. போனில் பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது, "அண்ணன் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேம்பா" என்றார். கடன் நின்றுபோனது. அதை நம்பி அந்த மனிதர் அரிசி ஆலைக்கு மெஷின் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

அங்கே உரிமையாளர் யார்? 1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 76-ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது: பல டிரஸ்டிகளில் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, சொத்து மீதமுள்ள டிரஸ்டிகளுக்குப் போகும். இறந்தவரின் பிள்ளைகளுக்கு இல்லை. அதாவது அந்த வீடு சட்டப்படி அத்தை கையில் இருந்தது. அதுவும் அவர் அனுபவிக்க அல்ல, பயனாளிகளுக்காக வைத்திருக்க.

நம் ஊரில் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிரஸ்டுக்குப் பான் கார்டு இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, அதனால் டிரஸ்டே ஓனர் என்று நினைக்கிறார்கள். வருமான வரிக்கு அது தனிக் கணக்கு, அவ்வளவுதான். கம்பெனி மாதிரி தனி ஆள் அல்ல. சொத்து டிரஸ்டிகள் பெயரில்தான் நிற்கும். ஆகவே அறிக்கையில் டிரஸ்ட் பெயரை மட்டும் எழுதாமல், இன்றைய தேதியில் உயிரோடு பொறுப்பில் இருக்கும் டிரஸ்டிகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும்.

பட்டாவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் ஆகாது. ஊர்க் குடியிருப்பு நிலத்துக்குப் பட்டா கொடுத்த நத்தம் நிலவரித் திட்டத்தில், வீட்டில் குடியிருந்தவர் பெயருக்கே பட்டா போட்ட ஊர்கள் எத்தனையோ. வில்லங்கச் சான்றும் பாதிதான் பேசும். நான் பார்த்த 30 வருடத்துக்குள் 1968 வரவே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உயில் மூலம் உண்டான டிரஸ்ட் என்றால், உயிலைப் பதிந்திருந்தாலும் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்களுக்கான 3-ஆம் புத்தகத்தில் போய்விடும். வில்லங்கத்தில் வருவது அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கான 1-ஆம் புத்தகம்.

பத்திரத்தை வாங்கியதும் நான் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். சார்பதிவாளர் முத்திரைக்கு அருகில் எந்தப் புத்தகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று இருக்கும். ஜெராக்ஸ் எடுப்பவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் விட்டுவிடுவார்கள். உயில் அல்லாமல் அசையாச் சொத்தை வைத்து டிரஸ்ட் எழுதினால் அது எழுத்தில் இருந்து, பதிவும் ஆகியிருக்க வேண்டும் என்பது அதே டிரஸ்ட் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. பின்பக்கத்தில் 4-ஆம் புத்தகம் என்று இருந்தால் உஷாராகிவிடுவேன்; அது அசையாச் சொத்து சம்பந்தப்படாத மற்றப் பத்திரங்களுக்கானது. டிரஸ்ட் பதிவாகியிருக்கிறது, ஆனால் வீடு அதற்குள் வந்ததா என்று வக்கீல் பார்த்தாக வேண்டும்.

உரிமை தெரியாமல் மதிப்பும் தெரியாது. விற்கக் கூடாது என்று பத்திரம் சொல்லும் வீட்டுக்கு, பக்கத்து வீட்டின் கிரய விலையை அப்படியே தூக்கிப் போட முடியுமா? நீதிமன்ற அனுமதி இல்லாமல் டிரஸ்டி 21 வருடத்துக்கு மேல் குத்தகை கொடுக்க முடியாது. மேனேஜிங் டிரஸ்டி ஒருவர் மட்டும் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றால், பத்திரம் அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்கிறது 48-ஆவது பிரிவு. இதெல்லாம் குடும்ப டிரஸ்டுக்கு. கோயில் சொத்து என்றால் அறநிலையத்துறைச் சட்டம், வக்ஃப் என்றால் வக்ஃப் சட்டம், கதையே வேறு.

உரிமைக்குத் தீர்ப்புச் சொல்வது வேல்யூவர் வேலை இல்லை, வக்கீல் வேலை. ஆனால் எந்தப் பத்திரத்தைப் பார்த்தேன், அசலா நகலா, எது கிடைக்கவில்லை என்பதை அறிக்கையில் எழுதுவது எங்கள் கடமை.

உங்கள் விஷயத்தில், அப்பாவைச் சட்டப்படி டிரஸ்டியாக நியமித்தார்களா, அல்லது தாத்தாவுக்குப் பிறகு அவரே பார்த்துக்கொண்டாரா என்று உங்கள் கேள்வியில் இல்லை. உங்கள் சொந்தக் கடனுக்கு டிரஸ்ட் வீட்டை அடமானம் வைக்கலாமா என்பதையும் பத்திரத்தோடு வக்கீலிடம் கேளுங்கள். வீட்டில் பத்திரம் இல்லையென்றால் தாத்தா பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடுங்கள். கையில் வந்ததும், டிரஸ்டிகள் பெயர் இருக்கும் பக்கம், ஒருவர் இறந்தால் அடுத்தவரை யார் நியமிப்பது என்ற பத்தி, அந்தப் பின்பக்கம் ஆகிய மூன்றையும் வேல்யூவருக்கு முதலில் அனுப்பிவிடுங்கள்.