13 அணிகளில் ஆடியவர்: பெரியகுளத்து அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பதினொன்றாம் வகுப்பு. மாவட்ட அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். உயரம் 5 அடி 11 அங்குலம். படிப்பு சுமார். "பேஸ்கட்பால்தான் என் வாழ்க்கை" என்று பிடிவாதமாக இருக்கிறான். அவன் அப்பாவோ, "இன்னைக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊருன்னு அலையறது ஒரு பொழப்பா?" என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அப்பாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நியாயமான கேள்வி அது. ஆனால் அந்த அலைச்சல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. அதற்கு இஷ் ஸ்மித் என்ற ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் படம் இவருடையதாக இருக்காது. ஆனால் அவன் தெரிந்துகொள்ள வேண்டியது இவர் கதையைத்தான்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரத்தில் 1988-இல் பிறந்தவர். உயரம் 6 அடி. அமெரிக்காவின் முதல்நிலைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏ-வில் சராசரி உயரமே ஏறத்தாழ ஆறரை அடி என்பதால், அங்கே இவர் குள்ளம். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டுகள் ஆடினார். என்பிஏ-வில் ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்ட் என்று ஒரு தேர்வு நடக்கும். பொதுவாக 30 அணிகள் 2 சுற்றுகளில் மொத்தம் 60 இளைஞர்களை எடுப்பார்கள். 2010-இல் அந்த 60 பெயர்களில் இஷ் ஸ்மித் பெயர் இல்லை.

பிறகு ஹூஸ்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. சில மாதங்களிலேயே, 2011 பிப்ரவரியில், மெம்ஃபிஸுக்கு மாற்றிவிட்டது. அப்புறம் கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், சொந்த ஊரான சார்லட், பதின்மூன்றாவதாக டென்வர். 13 அணிகள். என்பிஏ வரலாற்றில் வேறு யாரும் அதுவரை இத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. இவருக்கு முன்பு 12 அணிகள் என்ற எண்ணிக்கையில் நான்கு பேர் இருந்தார்கள்.

இதில் 2015-ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அந்த அக்டோபரில், சீசன் தொடங்குவதற்கு முன்பே, வாஷிங்டன் அணி அவரை விடுவித்துவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டது. டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அந்த அணி அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியது. ஃபிலடெல்ஃபியா அப்போது 31 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் ஜெயித்திருந்த அணி. பண்டிகைக்கு முந்தின நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, அந்தச் சீசனில் மூன்றாவது அணிக்கு, அதுவும் கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்குப் போவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் போய் ஆடிய முதல் ஆட்டத்திலேயே அணி ஜெயித்தது. மீதி சீசனில் அங்கே ஆட்டத்துக்குச் சராசரியாக 14-க்கு மேல் புள்ளிகள், 7 அசிஸ்ட் (கூட ஆடுபவர் கூடை போட வழிசெய்யும் பாஸ்). அடுத்த கோடையில் டெட்ராய்ட் அணி 3 ஆண்டுகளுக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2015 அக்டோபரில் "வேண்டாம்" என்று அனுப்பிய வாஷிங்டனே 2019-இல் அவரைத் திரும்ப எடுத்தது. 2023 ஜூனில் டென்வர் முதல்முறையாக என்பிஏ பட்டம் வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். மொத்தம் 14 சீசன்கள்.

இவரை ஏன் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்? மட்டமான ஆட்டக்காரர் என்பதாலா? அப்படியானால் 14 சீசன்கள் ஆடவிட்டிருக்க மாட்டார்கள். அவர் செய்த வேலை, முதல் வரிசை பாயின்ட் கார்டு இளைப்பாறும் நேரத்தில் உள்ளே இறங்கி, பந்தைத் தொலைக்காமல், அணியின் ஆட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வோர் அணியிலும் ஆட்ட அமைப்புகளுக்குப் பெயர் வேறு, கோச்சின் சைகை வேறு, கூட ஆடுபவர்களின் பழக்கம் வேறு. திங்கள்கிழமை வந்து சேர்ந்து புதன்கிழமை ஆட்டத்தை நடத்தும் அளவுக்கு அதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் ஆள் எந்த அணிக்கும் தேவை. சம்பளமும் பெரிதில்லை என்பதால் இரண்டு அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும்போது கணக்கில் சுலபமாகப் பொருந்துவார். அவரை வேண்டியதற்கும் அனுப்பியதற்கும் காரணம் ஒன்றேதான்.

அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: வங்கி அதிகாரிக்கு மாறுதல் வருவதில்லையா, அதுபோல இந்தத் தொழிலில் மாறுதல் ஒரு பகுதி. ஆனால் வித்தியாசத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வங்கியில் உத்தரவு வந்தால் நாள் கொடுப்பார்கள், வேலை போகாது. இங்கே பெரும்பாலான ஆட்டக்காரர்களிடம் "போகிறாயா?" என்று கேட்பதே இல்லை. ஓரிரு நாளில் அடுத்த ஊரில் இருக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் சம்பளத்துக்கு முழு உத்தரவாதம் கிடையாது. ஜனவரி 10 அன்றும் அணியில் இருந்தால்தான் அந்தச் சீசனின் மீதிப் பணம் உறுதியாகும். அதனால் ஜனவரி முதல் வாரத்தில் ஆட்களை விடுவிப்பது அங்கே வழக்கம். அதே மாதத்திலிருந்து 10 நாள் ஒப்பந்தம் என்று ஒன்று ஆரம்பிக்கும். பத்தே நாள் வேலை. ஒரே அணி ஒரே ஆளுக்கு ஒரு சீசனில் இரண்டு முறைதான் இதைக் கொடுக்கலாம், அதற்குமேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் சீசன் முடியும்வரை ஒப்பந்தம் போட வேண்டும், இல்லையென்றால் போகவிட வேண்டும். என்பிஏ ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற 3 சீசன்கள் வேண்டும். 10 நாள் ஒப்பந்தங்களிலேயே ஓய்ந்துபோகும் பலர் அந்த எல்லையைத் தொடுவதில்லை.

முதலிடத்தில் தேர்வானால் இதெல்லாம் இருக்காது என்று மகன் சொல்லக்கூடும். ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அவரும் 12 அணிகளுக்கு ஆடினார். தேர்வாகாதவரும் முதலாவதாகத் தேர்வானவரும் கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவு பெட்டி கட்டியிருக்கிறார்கள்.

ஜோ ஸ்மித்திடம் கற்க இன்னொன்று இருக்கிறது. மினசோட்டா அணி அவரிடம், இப்போது குறைந்த சம்பளத்துக்கு ஆடு, பிறகு பெரிய ஒப்பந்தம் தருகிறோம் என்று ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. விதிக்கு விரோதமான அந்த ஏற்பாடு 2000-இல் வெளியே வந்தது. என்பிஏ அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம் போட்டு, முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் பறித்தது. ஜோ ஸ்மித்தின் ஒப்பந்தமும் ரத்தானது. எழுத்தில் காட்ட முடியாத வாக்குறுதி எந்த மட்டத்தில் வந்தாலும் ஆபத்துதான். ஆட்டக்காலம் முழுக்க 6 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர், ஓய்வுக்குப் பிறகு கடனில் இருந்ததை அவரே தொலைக்காட்சியில் வெளிப்படையாகப் பேசினார். அதைச் சொல்ல எவ்வளவு மனத்துணிவு வேண்டும். வரி, ஏஜென்ட் பங்கு, ஊருக்கு ஊர் வீடு, நம்பி வரும் உறவுகள் என்று போகும் வழிகள் ஏராளம். வருமானமோ முப்பத்தைந்து வயதுக்குள் நின்றுவிடும்.

சரி, நம்ம ஊர் நிலவரத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகன் என்பிஏ-வுக்குப் போவான் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பாதீர்கள். 2015-இல் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை டல்லாஸ் அணி 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவர். ஏழடி உயரம். அவராலும் ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட இறங்க முடியவில்லை. பிறகு 2020-இல் ஊக்கமருந்து விதிமீறலுக்காக 2 ஆண்டு தடை வந்தது. (மகன் புரோட்டீன் பொடி, எனர்ஜி பொடி என்று ஏதாவது வாங்கினால், விளையாட்டு மருத்துவரிடம் காட்டாமல் வாயில் வைக்க விடாதீர்கள். தெரியாமல் சாப்பிட்டேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது.)

ஆனால் என்பிஏ ஒன்றுதான் கூடைப்பந்து என்று இல்லை. அம்ரித்பால் சிங் 2017-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்தார். அம்ஜ்யோத் சிங் அதே ஆண்டு என்பிஏ-வின் துணைப் போட்டியான ஜி லீகில் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணிக்குப் போனார். விசேஷ் பிருகுவன்ஷியும் அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் அணியோடு ஒப்பந்தம் செய்தார். நான் பெற்றோரிடம் அதிகம் பேசுவது விசேஷைப் பற்றித்தான். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், அர்ஜுனா விருது வாங்கியவர். கூடவே ஓஎன்ஜிசி அணியின் ஆட்டக்காரர். வெளிநாட்டு வாய்ப்பு நிலைக்காவிட்டாலும் திரும்பி வந்து ஆட அவருக்கு ஓர் இடம் இருந்தது.

உங்களுக்கு நான் சொல்லும் வழியும் இதுதான்: முதலில் திரும்பி வர ஓர் இடம், அப்புறம் பயணம். நம் நாட்டில் அந்த இடத்தைத் தருவது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. ஒவ்வொரு கோடையிலும் உங்கள் ஊரிலேயே நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு வரும் வங்கி, ரயில்வே, ராணுவ அணிகளைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த ஆட்டக்காரர் யாரிடமாவது, எந்த வயதில் வேலைக்குச் சேர்ந்தீர்கள், என்ன பதவி, ஆடுவதை நிறுத்தின பிறகு என்ன வேலை என்று அப்பாவே கேட்கட்டும். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்தப் பத்து நிமிடம் அவருக்குப் பயன்படும்.

இந்த ஒதுக்கீட்டில் சான்றிதழ்தான் உயிர். நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4. பதக்கத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் படிவத்தை வாங்காமல் விட்ட பிள்ளைகளைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். போட்டி முடிந்த சூட்டிலேயே சங்கத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நான்கைந்து ஆண்டு கழித்துப் போனால் பொறுப்பில் இருந்தவர்கள் மாறியிருப்பார்கள், பதிவேடு கிடைக்காது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விட்டால் இவற்றில் பெரும்பாலான கதவுகள் மூடிக்கொள்ளும். "பேஸ்கட்பால் இருக்கு, படிப்பு எதுக்கு" என்று மகன் சொன்னால், பேஸ்கட்பாலுக்காகவே படிப்பு வேண்டும் என்று பதில் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி என்று யாராவது வந்தால் கவனம். அங்கே முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆட, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை குறிப்பிட்ட 16 பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. உண்மையிலேயே பையனை விரும்பும் கோச் அவன் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார், உங்களிடம் பணம் கேட்க மாட்டார். வெளிநாட்டு கிளப் அழைத்தால் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சம்பளத் தகராறை உலகக் கூடைப்பந்து அமைப்பின் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற விதி அதில் இருக்கிறதா, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, வேலை விசாவா சுற்றுலா விசாவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இனி மகனிடம் நேராக ஒரு வார்த்தை. தம்பி, உன் உயரத்தைப் பற்றிக் கவலைப்படாதே, இனி அது உன் கையில் இல்லை. இடது கையாலும் பந்தை ஆளப் பழகுவது உன் கையில்தான் இருக்கிறது. புது அணியோடு, தெரியாத ஆட்டக்காரர்களோடு ஒரு கேம்ப் போ. அங்கே ஐந்து ஆட்டம் பெஞ்சில் உட்கார வைத்து, ஆறாவது ஆட்டத்தில் திடீரென்று இறக்கினால் உன்னால் சிரித்த முகத்தோடு ஆட முடிகிறதா என்று பார். அந்த ஆறு ஆட்டங்களையும் ஒரு நோட்டில் எழுதி என்னிடம் கொண்டு வா. அதை வைத்துத்தான் உன்னோடு பேசப் போகிறேன்.

அம்மா, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: "சின்னவளும் ஆடுகிறாள், அது சும்மா." அந்த வரி என்னை விடவில்லை. தமிழ்நாட்டின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தார். குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து நாட்டுக்காக ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். நேரில் வரும்போது சின்னவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளுடைய சான்றிதழ்களும் வேண்டும்.