கரண்டியும் கண்ணாடியும்

அன்புள்ள அக்கா,

ராமேஸ்வரத்துப் பக்கம் தங்கச்சிமடத்தில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் கடையில் ஆள் இருக்காது, அப்போது உங்கள் கட்டுரைகளைப் போனில் வாசிப்பேன். போன வாரம் மசாலா விளம்பரங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். கரண்டி எப்போதும் பெண் கையில் இருக்கிறது, தட்டு எப்போதும் ஆண் முன்னால் இருக்கிறது என்று. வாசித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

ஊரில் யார் சோறாக்குகிறார்கள்? பெண்கள்தானே. இருப்பதைத்தான் காட்டுகிறான். விளம்பரம் ஒரு கண்ணாடி. முகம் கோணல் என்றால் கண்ணாடியை உடைத்து என்ன ஆகப்போகிறது? இன்னொன்று, சமைப்பது அவ்வளவு கேவலமா? கடை வைக்கும் முன்னால் ஆறு வருஷம் கொச்சிப் பக்கம் போட்டில் தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போனவன் நான். பத்துப் பேருக்கு நான்தான் பொங்கிப் போட்டேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் தெரியவில்லை. என் வீட்டுக்காரி கடலில் பாசிக்குப் போகிறவள். ராத்திரி டிவியில் அந்த விளம்பரம் வந்தால் ‘அந்தச் சேலை நல்லாருக்கு’ என்பாள், அவ்வளவுதான்.

இதை எழுத நினைத்து, பிறகு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். நேற்று சத்துபானக் கம்பெனி ஆள் கடைக் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார். ஒரு பையன் கிரிக்கெட் மட்டையோடு நிற்கிறான். பின்னால் அம்மா டம்ளரோடு சிரிக்கிறார். ஓரத்தில் ஒரு சின்னப் பெண் கைதட்டுகிறாள். ஆறாவது படிக்கிற என் மகள் அதைப் பார்த்துவிட்டு, ‘அந்தப் புள்ளைக்கு டம்ளர் இல்லையாப்பா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. போஸ்டரைக் கிழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பெயர் போட வேண்டாம். கம்பெனிக்காரர்கள் முகத்தில் தினமும் முழிக்க வேண்டியிருக்கிறது.

* * *

அன்புள்ள தம்பிக்கு,

பாராட்டி வருகிற கடிதத்துக்கு இரண்டு வரி போதும். உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. சமையல் கேவலமான வேலை இல்லை. அப்படி நான் எழுதியதுபோல் தொனித்திருந்தால் அது என் எழுத்தின் குறை. ஊரில் பெண்கள்தான் ஆக்குகிறார்கள் என்பதும் உண்மை. 2019இல் ஒன்றிய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டுவேலையில் அப்போது பெண்களில் நூற்றுக்கு 81 பேர் இறங்கினார்கள். ஆண்களில் 26 பேர்தான். அந்த 26 பேரும் ஒரு நாளில் அதற்குக் கொடுத்தது சராசரியாக 97 நிமிடம், பெண்கள் கொடுத்தது 299 நிமிடம். அதுவரைக்கும் உங்கள் கண்ணாடி பொய் சொல்லவில்லை.

ஆனால் அதே கண்ணாடியைக் கொஞ்சம் உங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிப் பாருங்கள், தம்பி. அதில் உங்களைக் காணோம். உங்கள் வீட்டுக்காரியையும் காணோம்.

முதலில் உங்களைச் சொல்கிறேன். ஆடுகிற போட்டில் அடுப்பு வைத்து, கடல் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க, பத்துப் பேர் வயிற்றைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஆளை எந்த மீன் மசாலா விளம்பரத்திலாவது கண்டதுண்டா? விளம்பரத்து ஆண் அடுப்படிக்குள் வந்தால் பால் பொங்கி வழியும், மூக்கில் மாவு ஒட்டும், மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அது பெண்ணைப் புகழ்வதுபோல் இருக்கிறது, உள்ளுக்குள் ‘இது உன் தலையெழுத்து, அவனால் முடியாது’ என்கிறது.

பிரிட்டனில் 2019 ஜூனில், ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று காட்டித் தீங்கு செய்கிற விளம்பரங்களுக்கு எதிராக ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி அந்த ஆகஸ்டில் முதலில் நிறுத்தப்பட்ட இரண்டில் ஒன்று சாப்பாட்டு விளம்பரம், பிலடெல்பியா சீஸ். இரண்டு அப்பாக்கள் சாப்பாட்டு ருசியில் மயங்கிக் கைக்குழந்தைகளை உணவகத்தில் தட்டுகள் நகர்ந்து வரும் பட்டையின் மேல் விட்டுவிடுவார்கள். ஆண்களுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று காட்டுகிறது, அதனால் கூடாது என்றார்கள். அதாவது அந்தத் தீர்ப்பு உங்களைப் போன்றவர்களுக்காகவும்தான்.

இதில் ஒரு விநோதம், நம் கடற்கரையில் ஆண்கள் சமைக்கவே மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கீழக்கரைக் கல்யாணத்தில் சட்டிக்கு முன்னால் நிற்பவர் பண்டாரி. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைக் கிண்டுவதும் ஆண்கள்தான். ராமேஸ்வரம் சாலையில் இரவு முழுக்கப் பரோட்டா வீசுகிறவர் மாஸ்டர், டீ ஆற்றுகிறவரும் மாஸ்டர். அதே வேலையை நாலு வீட்டில் சம்பளத்துக்குச் செய்யும் பெண்ணுக்கு என்ன பெயர்? சமையக்காரம்மா. நளபாகம் என்று பழைய சொல்லிலும் ஆண்தான் உட்கார்ந்திருக்கிறான். பந்திக்கு ஆக்கினால் தொழில், வீட்டுக்கு ஆக்கினால் பாசம். விளம்பரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெள்ளைத் தொப்பி போட்டவர் வந்து ‘இதைப் போட்டால்தான் ருசி’ என்று சொல்லித்தருவார், வீட்டுப் பெண் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரி. பாசிக்குப் போகிறவர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். விரலில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். என் சித்தி போய்க்கொண்டிருந்தார். தீவுப் பக்கம் போனால் வனத்துறை விரட்டும். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு, பாட்டி காலத்திலிருந்து எடுத்த இடத்தில் எடுப்பதே குற்றமாகிவிட்டது. இத்தனையையும் தாண்டித்தான் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவில், தீவுகளைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்கள். பாசி எடுக்கிற ஒரு பெண்ணுக்கு.

அந்தப் பாசி எங்கே போகிறது? உங்கள் கடை ஃபிரிட்ஜில் இருக்கும் ஐஸ்கிரீம், ஜெல்லி, சாக்லேட் பால் டப்பாக்களைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பொருள்களின் எண்களைப் பாருங்கள். 406 என்று இருந்தால் அகர், மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் எடுப்பது. நோன்பு திறக்கும்போது வீட்டில் காய்ச்சுகிற ‘கடல்பாசி’யும் அதுதான். 401 என்றால் கட்டைக்கோரையிலிருந்து வருகிற ஆல்ஜினேட். 407 என்றால் கராஜீனன், சாக்லேட் பாலில் கொக்கோ அடியில் தங்காமல் பிடித்து வைப்பது. மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கிறார்களே, அந்தப் பாசியில் இருப்பது. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் பெப்சி கம்பெனி ஒப்பந்தம் போட்டு மண்டபம் பக்கம் வளர்க்க வைத்ததால் அதற்கு இன்றைக்கும் நம் ஊரில் பெப்சி பாசி என்றே பெயர். (கம்பெனி கைமாறிப் போய்விட்டது, பெயர் போகவில்லை. குருசடைத் தீவுப் பவளப்பாறையில் அது படர்ந்த கதை தனி, இன்னொரு நாள் எழுத வேண்டும்.)

உங்கள் கடை டப்பாவில் இருப்பது உங்கள் வீட்டுக்காரி எடுத்த பாசியேதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் எவ்வளவோ வருகிறது. ஆனால் அந்த டப்பாவின் முன்பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள் அல்லவா? கிண்ணத்தில் போட்டுப் பிள்ளைக்கு நீட்டுகிறவள். கடலில் முங்குகிற பெண் பின்பக்கத்தில் மூன்று இலக்க எண்ணாக இருக்கிறாள். கண்ணாடி என்றால் இரண்டு பேரும்தானே தெரிய வேண்டும்?

சாயல்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள், இதே கதை தலைகீழாக இருக்கும். பனையேறுவது ஆண். பதநீரைத் தாச்சியில் ஊற்றி, புகைக்குள் மணிக்கணக்கில் நின்று, பதம் பார்த்து இறக்கிச் சிரட்டையில் ஊற்றுகிறவர் பெண். நான் கடைசியாக வாங்கிய கருப்பட்டிப் பொட்டலத்தில் ஒரு பனைமரமும் அதில் ஏறுகிற ஆளும் இருந்தார்கள். அடுப்பு இல்லை, அந்த அம்மாவும் இல்லை. வீரம் என்று வரும்போது படம் ஆணுக்கு, பரிமாறுவது என்று வரும்போது பெண்ணுக்கு. கறுப்புக் குளிர்பானத்தை ஒருவன் மலையிலிருந்து குதித்துத்தான் குடிக்க வேண்டும் என்று யார் விதித்தது? உங்கள் கடையில் அதை வாங்குகிறவர்கள் வாசலில் நின்று குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பித் தருகிறவர்கள்தானே.

அந்தச் சேலை விஷயம். எனக்கும் அந்தச் சேலை பிடிக்கும். உங்கள் வீட்டுக்காரி கேள்வி கேட்காமல் ரசிக்கிறார் என்றால் அவருக்கு விவரமில்லை என்று பொருளில்லை. நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் கிடந்தவர் நல்ல சேலையைப் பார்க்கிறார், பார்க்கட்டும். எங்கள் அம்மாவும் அப்படித்தான். நரசுஸ் காபி விளம்பரத்தில் வரும் ‘பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு’ எங்கள் வீட்டில் அப்பாவின் வாயில் ஒட்டிக்கொண்டது. அம்மா காபி கொடுத்ததும் அப்பா அதே ராகத்தில் சொல்வார், அம்மாவுக்கு முகம் மலரும். அந்த இரண்டு சொல் கிடைத்ததே பெரிது. பல வீட்டில் உப்புக் குறைந்தால்தான் வாய் திறக்கும். அம்மா அந்தக் காபியை எப்போது குடித்தார், ஆறிப்போனதைக் குடித்தாரா என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு சத்துபான டின் இருந்தது. தம்பிக்கு மட்டும். ‘ஆம்பளப்புள்ள, வளரணும்ல’ என்பார் அம்மா. அந்தக் காலத்து விளம்பரத்திலும் மட்டையோடு நின்றவன் பையன்தான். விளம்பரம் வந்து அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் அது பொய். அம்மாவின் அம்மாவும் மகனுக்குத்தான் முட்டை வைத்தார். ஆனால் அம்மாவுக்குள் எங்கேயாவது ஒரு மூலையில் ‘மகளுக்கும் ஒரு கரண்டி போட்டால் என்ன’ என்று உறுத்தியிருந்தால், அந்த உறுத்தலை டிவி தினமும் தட்டித் தூங்க வைத்தது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. இதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது, எல்லாவற்றையும் விளம்பரத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனாலும் கடைசியாகச் சாப்பிடுகிற ஒருத்தியைப் பூப்போட்ட சேலையில் சிரிக்க வைத்துக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

(தம்பிக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காத அந்த அமுதத்தைப் பற்றி ஒரு செய்தி. ‘ஹெல்த் ட்ரிங்க்’ என்ற வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை, அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. படித்ததும் தம்பிக்குப் போன் போட்டேன். ‘இத்தனை வருஷம் பொறாமைப்பட்டியே’ என்று சிரிக்கிறான்.)

இதற்கெல்லாம் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1994இன் கேபிள் டிவி விதிகளில் ஏழாவது விதியைப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். பெண்ணை அடங்கிப் போகிறவளாகக் காட்டி, வீட்டிலும் வெளியிலும் இரண்டாம் இடத்தில் இருக்கத் தூண்டுகிற விளம்பரம் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். விளம்பரத் தொழிலே நடத்துகிற தர நிர்ணயக் கவுன்சில் (ASCI) 2022இல் தனியாக நெறிமுறை போட்டது. பெண் வீட்டுவேலை செய்வதைக் காட்டலாம், ஆனால் அந்த வேலை அவளுக்கு மட்டுமே உரியது, ஆண் ஒருநாளும் செய்ய மாட்டான் என்ற பொருள் வரக்கூடாது என்கிறது அது. உங்கள் கேள்விக்கே பதில் சொன்னதுபோல் இருக்கிறது. அவர்களிடம் யாரும் புகார் கொடுக்கலாம், காசு கிடையாது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தொழில்காரர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பஞ்சாயத்து அது.

மாறவே மாறாது என்றும் சொல்ல முடியாது. 1994இல் வந்த கேட்பரி சாக்லேட் விளம்பரம் நினைவிருக்கும். அவன் சிக்சர் அடிப்பான், அவள் ஆடிக்கொண்டே மைதானத்துக்குள் ஓடுவாள். 2021இல் அதையே மாற்றி எடுத்தார்கள். அடிப்பது அவள், ஆடிக்கொண்டு ஓடுவது அவன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் நம் பெண்கள் 2017இல் லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதியாட்டமே ஆடி முடித்துவிட்டார்கள். உங்கள் கண்ணாடி ரொம்பத் தாமதமாகத்தான் முகம் பார்க்கிறது, தம்பி.

போஸ்டரைக் கிழிக்க வேண்டாம். அந்த ஆளோடுதான் நீங்கள் கடன் சரக்கு பேச வேண்டும், அவர் மாதச் சம்பளக்காரர், அவரும் என்ன செய்வார். மகளிடம் ‘வரைஞ்சவன் மறந்துட்டான்’ என்று சொல்லி ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுங்கள். அந்தப் புள்ளைக்கு ஒரு டம்ளர் அவளே வரைந்துகொள்வாள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் கேப்பைக்கூழ் என்று சொல்லச் சொல்லுங்கள். கம்பெனி ஆள் முறைத்தால், பிள்ளைகள் கிறுக்கிவிட்டார்கள், நான் கவனிக்கவில்லை என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா