கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை: சர்வர் பராமரிப்பு கேள்வி-பதில்

பேக்கப் ஸ்கிரிப்டை டெர்மினலில் ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது. கிரான்டேப்பில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் சேவையின் அட்டவணையில்) போட்டால் சத்தமே இல்லை. ஏன்?

நீங்கள் லாகின் செய்யும்போது உங்கள் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எத்தனையோ அமைப்புகளை ஏற்றிக்கொள்கிறது. கிரான் அவற்றில் எதையும் படிப்பதில்லை. கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் 'பாத்' மாறியில் கிரானுக்குப் பெரும்பாலும் அடிப்படையான இரண்டு டைரக்டரிகள்தான் இருக்கும். நீங்கள் தனியாக நிறுவிய பைதானோ நோடோ வேறு இடத்தில் இருந்தால் கிரானுக்கு அது தெரியாது. ஷெல்லும் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பேஷ் அல்ல, வெறும் எஸ்ஹெச். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் அந்தப் பெயரில் இருப்பது டேஷ் என்ற சிறிய ஷெல். அரே, இரட்டைச் சதுர அடைப்பு என்று பேஷுக்கே உரிய எதை எழுதினாலும் அங்கே பிழைதான்.

எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள். கிரான்டேப்பின் தலையில் 'பாத்', 'ஷெல்' இரண்டையும் நீங்களே எழுதிவிடலாம். அப்படியும் பிடிபடவில்லையென்றால், நடப்பு அமைப்புகளைக் காட்டும் 'என்வ்' கட்டளையின் வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதும் வரியைச் சேர்த்து ஒரு நிமிடம் விடுங்கள். அதை உங்கள் டெர்மினல் காட்டுவதோடு ஒப்பிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. பேக்கப் ஃபைலின் பெயரில் தேதி சேர்க்க கிரான்டேப் வரியிலேயே % போட்டிருக்கிறீர்களா? கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். முதல் %-க்குப் பின்னால் இருப்பதெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். முன்னால் \ போட வேண்டும். அதைவிட, தேதிக் கணக்கை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோவது நல்லது. அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஓட வேண்டும் என்று '0 2 1-7 * 0' (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை) எழுதினேன். 1 முதல் 7 வரை தினமும் ஓடுகிறது, எல்லா ஞாயிறும் ஓடுகிறது. கிரானில் பிழையா?

பிழை இல்லை, பழைய விதி. தேதிக் கட்டம், கிழமைக் கட்டம் இரண்டிலும் எதையாவது குறிப்பிட்டால் இரண்டும் பொருந்த வேண்டும் என்று கிரான் பார்ப்பதில்லை. ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓட்டிவிடும். மற்ற கட்டங்கள் எல்லாம் 'இதுவும் அதுவும்' என்று இருக்க, இந்த இரண்டு மட்டும் 'இதுவோ அதுவோ'. முதல்முறை பார்ப்பவர் ஏமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தீர்வை டெபியனிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் ரெய்டு வட்டுகளை (ஒரே தொகுதியாக இயங்கும் பல வட்டுகளை) மாதம் ஒருமுறை சரிபார்க்க அதன் எம்டிஅட்மின் தொகுப்போடு ஒரு கிரான் வரி வந்தது. அந்த வரி ஞாயிறுதோறும் 12.57-க்கு, நள்ளிரவு தாண்டியதும், எழும். தேதி 7-ஐத் தாண்டியிருந்தால் எதுவும் செய்யாமல் படுத்துவிடும். கிழமையைக் கிரானிடம் விடுங்கள், தேதியைக் கட்டளைக்குள் சோதியுங்கள்.

தினசரி வேலைகளுக்கான கிரான்-டெய்லி டைரக்டரியில் ஸ்கிரிப்டை வைத்தேன். அனுமதிகள் எல்லாம் சரி. ஆனாலும் ஓடவில்லை.

ஃபைல் பெயரில் '.எஸ்ஹெச்' என்ற வால் இருக்கிறதா? டெபியன் வகைகளில் அந்த டைரக்டரியை ஓட்டும் 'ரன்-பார்ட்ஸ்' புள்ளி உள்ள பெயர்களைப் பேசாமல் தாண்டிப் போய்விடும். வாலை வெட்டுங்கள். அதே கட்டளையை '--டெஸ்ட்' உடன் ஓட்டினால் எவையெல்லாம் ஓடும் என்று பட்டியல் தரும்.

தினமும் இரவு டேட்டாபேஸ் பேக்கப் ஓடுகிறது. தோற்றால் மெயில் வரும்படி வைத்திருக்கிறேன். இது போதும்தானே?

போதாது. மெயில் வரவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம்: பேக்கப் நன்றாக முடிந்தது, அல்லது மெயிலும் சேர்ந்து செத்தது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு, ஆகவே ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. கிரான் தோல்வி மெயில்களை அனுப்பத்தான் செய்தது. அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாமல் அவை நிராகரிக்கப்பட்டதால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) தான் காப்பாற்றியது. அந்த நிறுவனமே இதையெல்லாம் விரிவாக வெளியிட்டது; பேக்கப்புக்குப் பொறுப்பான எவரும் படிக்க வேண்டிய அறிக்கை.

ஆகவே திசையை மாற்றுங்கள். தோல்வியைச் சொல்லும் மெயிலை நம்பாமல், வெற்றியை எதிர்பாருங்கள். ஸ்கிரிப்டின் கடைசி வரி வேறொரு கண்காணிப்பு சர்வரைத் தட்டட்டும். குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அந்தச் சர்வர் உங்களை எழுப்பட்டும். இதில் கிரானே நின்றுபோனாலும் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் கடைசி வரி பொய் சொல்லக் கூடாது. டேட்டாபேஸின் டம்ப் (முழு நகல்) எடுத்து அதைப் பைப் வழியே சுருக்கும் கருவியான ஜிசிப்புக்கு அனுப்புகிறீர்கள் என்றால், டம்ப் பாதியில் செத்தாலும் ஜிசிப் நல்லபடி முடியும், ஷெல்லும் '0' (பிழையில்லை) என்றுதான் சொல்லும். பேஷில் 'பைப்ஃபெயில்' அமைப்பைப் போட்டு, பிழை வந்ததும் நிற்கச் சொல்லுங்கள். வெளிவந்த ஃபைலின் அளவு நேற்றையதைவிடத் திடீரென்று சுருங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும், எடுத்த பேக்கப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்க்காதவரை நான் அதைப் பேக்கப் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ரீஸ்டோரையும் கிரானிலேயே போடலாம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை சில நேரம் பத்து நிமிடம் எடுக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி சர்வர் திணறுகிறது.

பூட்டுப் போடும் 'ஃப்ளாக்' கட்டளையை '-என்' உடன் முன்னால் போடுங்கள். பூட்டு வேறொருவர் கையில் இருந்தால் புதியது உடனே விலகிவிடும். ஒரு ஃபைலை உருவாக்கி, முடிந்ததும் அழிக்கும் கைவேலைப் பூட்டு வேண்டாம்: ஸ்கிரிப்ட் நடுவில் கொல்லப்பட்டால் ஃபைல் அப்படியே கிடக்கும், அதன்பின் எதுவும் ஓடாது. ஃப்ளாக் பூட்டை, அதைப் பிடித்திருந்த ப்ராசஸ்கள் முடிந்ததும் கெர்னலே விடுவித்துவிடும்.

30 நாளைத் தாண்டிய லாக்குகளை (பதிவு ஃபைல்களை) 'ஃபைண்ட்' வைத்து அழிக்கச் சொன்னேன். எல்லாமே போய்விட்டது!

'-டெலீட்' முதலிலும் வயது பார்க்கும் '-எம்டைம்' அதற்குப் பின்னாலும் இருந்திருக்கும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் போகும். முதலில் அழித்துவிட்டு, பிறகுதான் வயது கேட்கும். முதல்முறை '-டெலீட்' இருக்கும் இடத்தில் '-பிரிண்ட்' போட்டு ஓட்டிப் பாருங்கள். லாக்குகளுக்கு, பழையவற்றைச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட் இருக்கும்போது சொந்த ஸ்கிரிப்டே எதற்கு என்பது என் கேள்வி. ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் லாக்கை நீங்கள் அழித்தால் பெயர்தான் போகும், வட்டில் இடம் திரும்பாது.

எல்லாவற்றையும் சிஸ்டம்டி டைமருக்கு (லினக்ஸில் கிரானுக்கு மாற்றான வசதிக்கு) மாற்றிவிடலாமா?

ஓடுகிறதை ஏன் கலைக்கிறீர்கள்? குறித்த நேரத்தில் சர்வர் அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையை விட்டுவிடும். டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' அமைப்பு இருந்தால், சர்வர் எழுந்ததும் விட்டதைச் செய்யும். நூறு சர்வர்கள் ஒரே நொடியில் ஒரு பேக்கப் சேமிப்பகத்தின் மேல் பாயாமல் நேரத்தைச் சிதறடிக்கவும் அதில் வசதி உண்டு. இவை தேவைப்படும் வேலைகளை மட்டும் மாற்றுங்கள்.

கோடைகால நேரமாற்றம் உள்ள நாட்டில் சர்வர். அதிகாலை 2.30 வேலை என்ன ஆகும்?

நாட்டைப் பொறுத்து, ஒரு நாளில் அந்த நேரமே இல்லாமல் போகலாம், இன்னொரு நாளில் இரண்டு முறை வரலாம். கிரானின் பதிப்பைப் பொறுத்து நடத்தை மாறும். சர்வரை நேரமாற்றமே இல்லாத யூடிசியில் வையுங்கள், வைத்தபின் கிரான் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கிரான்டேப்பைத் திருத்த '-இ' அடிக்கப் போய் '-ஆர்' அடித்துவிட்டேன். எல்லாம் காலி. மீட்க முடியுமா?

விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். அழிக்கும்முன் அது கேட்பதும் இல்லை. கணினியின் முழு பேக்கப் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் கணினியின் பதிவேடான சிஸ்லாக்கைத் திறங்கள்: கிரான் ஓட்டிய ஒவ்வொரு கட்டளையும் ஓடிய நேரத்தோடு பதிவாகியிருக்கும். தினசரி, வாராந்தர வரிகளை அதை வைத்தே திரும்ப எழுதிவிடலாம். மாதம் ஒருமுறை ஓடுபவற்றுக்குச் சுருக்கி வைத்த பழைய லாக்குகள் வரை போக வேண்டும், அவை இன்னும் மிச்சமிருந்தால்.