ஹேலோபெராக்சிடேஸ் நொதிகளில் சிலவற்றில் இரும்பு, சிலவற்றில் வனேடியம் இருக்கிறதே, இரண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றனவா?

வேலை ஒன்றுதான், செய்யும் விதம் வேறு. ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துக்கொண்டு குளோரைடு, புரோமைடு, அயோடைடு போன்ற ஹேலைடு அயனிகளை ஆக்சிஜனேற்றுவதுதான் வேலை. குளோரைடிலிருந்து கிடைப்பது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிளீச்சிங் பவுடர் கரைசலில் கிருமிகளைக் கொல்வதும் அதேதான்.

இரும்பு வகையை நம் உடம்பிலேயே பார்க்கலாம். சீழ் லேசாகப் பச்சை கலந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பல சமயம் அது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களில் இருக்கும் மையலோபெராக்சிடேஸின் நிறம். இதில் இரும்பு இருப்பது ஹீம் என்ற வளைய மூலக்கூறின் நடுவில். ஹீம் என்றால் சிவப்பாகத்தானே இருக்க வேண்டும்? ரத்தத்தில் அப்படித்தான். இங்கே ஹீம் இரண்டு எஸ்டர் பிணைப்புகளாலும், மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் வழியாக இன்னொரு பிணைப்பாலும் புரதத்தோடு கட்டுண்டு, தட்டையாக இல்லாமல் வளைந்து கிடக்கிறது. அதனால்தான் பச்சை. குளோரைடிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கும் வலுவும் இந்தக் கட்டிலிருந்து வருவதுதான்.

பெராக்சைடு வந்ததும் இரும்பின் ஆக்சிஜனேற்ற நிலை +3 இலிருந்து +4 ஆகிறது, அதைச் சுற்றியுள்ள ஹீமின் போர்ஃபிரின் வளையமும் ஒரு எலக்ட்ரானை இழக்கிறது. இரண்டையும் ஹேலைடு ஈடுகட்டியதும் பழைய நிலை.

வனேடியமும் இப்படித்தான் ஏறி இறங்கும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அது கடைசி வரை +5 தான்! பெராக்சைடைப் பிடித்துவைத்து அதன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான். தளர்ந்துபோன அந்த ஆக்சிஜனை ஹேலைடு வந்து தாக்குகிறது. உலோகத்துக்கு மாற்றமே இல்லாததால் பெராக்சைடு அதிகமானாலும் இந்த நொதி சுலபத்தில் கெடாது. ஹீம் வகையோ பெராக்சைடாலேயே நாளடைவில் வெளுத்துப் போகும்.

1984இல் ஹான்ஸ் வில்டர் இந்த வனேடியம் வகையை அஸ்கோஃபில்லம் நோடோசம் என்ற பழுப்புக் கடற்பாசியில் கண்டறிந்தார். அமைப்பு ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமை: வனேடியத்தைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், ஐந்தாவதாக ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜன்.

அப்புறம், ஃபுளோரோபெராக்சிடேஸ் என்று எதையும் தேடாதீர்கள். ஃபுளோரைடை ஆக்சிஜனேற்ற சுமார் 2.87 வோல்ட் வேண்டும், பெராக்சைடால் முடிவது 1.78 வரைதான்.