பழைய ஹெரால்டில் இருப்பது ஒரிஜினல் எஞ்சின்தானா?

கேள்வி: 1968 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று விலைக்கு வருகிறது. "ஒரிஜினல் எஞ்சின், நம்பர் எல்லாம் மேட்ச்" என்கிறார் விற்பவர். எதை வைத்துச் சரிபார்ப்பது?

எதோடு எது மேட்ச் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நானும் பல வருடம் பெருமை பேசித் திரிந்தவன்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டை. அப்பாவின் 1969 ஹெரால்டு இப்போது என்னிடம் இருக்கிறது. 2021-ல் பழைய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றாமல் இருந்தால் 'வி.ஏ.' எழுத்துகளோடு நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

ஹெரால்டில் ஒரு சௌகரியம், மட்கார்டு உட்பட முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். எஞ்சினின் உடம்பான பிளாக்கின் இடது பக்கம், அதன் மேல் மூடியான ஹெட்டுக்குச் சற்றுக் கீழே நம்பர் இருக்கிறது. பனியன் வேஸ்ட்டில் டீசல் நனைத்துத் துடைத்துப் படித்தேன். ஆர்.சி. ஸ்மார்ட் கார்டில் இருந்த நம்பரோடு ஓரெழுத்து பிசகவில்லை. ராயபுரத்தில் லேத் வைத்திருந்த சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டேன். அவர் வந்து பானெட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது கெஸல் எஞ்சின்டா. பழைய பிளாக் கிராக் வுட்டுச்சு. நானும் அண்ணனும் புதுப்பேட்டைலேர்ந்து மீன்பாடி வண்டில போட்டு எடுத்துனு வந்தோம்."

கெஸல் என்பது ஹெரால்டுக்குப் பின்னால் அதே கம்பெனி போட்ட கார். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் விற்கும் இடம்.

"அப்புறம் ஆர்.சி.ல எப்படி சித்தப்பா கரெக்டா இருக்கு?"

"உங்கப்பாதான் மறுநாளே ஆபீஸ்ல போயி எழுதிக்கினு வந்துட்டாரே!"

பீரோவைக் குடைந்ததில் பழைய ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. முதல் எஞ்சின் நம்பரைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் புது நம்பர், கையெழுத்து, சீல். வருடம் 1983. ஸ்மார்ட் கார்டுக்கு வந்தது அந்தக் கடைசி நம்பர் மட்டும்தான்.

ஆக, எஞ்சினை மாற்றியவர் ஒழுங்காகப் பதிந்திருந்தால் அந்த வண்டியிலும் நம்பர் மேட்ச் ஆகத்தான் செய்யும். இன்றைய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் மாற்றம் செய்த 14 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. ஸ்மார்ட் கார்டைக் காட்டி "ஒரிஜினல்" என்பவர் பேப்பர் சரி என்றுதான் சொல்கிறார். எஞ்சின் பிறந்த கதை அதில் கிடையாது. அட்டை கிழிந்த அந்தப் பழைய புத்தகத்தைக் கேளுங்கள். அது இல்லையென்றால், முன்பு லோன் போட்டபோதோ இன்ஷூரன்ஸ் எடுத்தபோதோ யாராவது எடுத்த பென்சில் பிரிண்ட் ஃபைலில் கிடக்கலாம். நம்பர் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அதுதான். முப்பது வருடப் பழைய பிரிண்ட் ஒன்று கையில் கிடைத்தால், நீங்களும் ஒன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் சாய்வு, இடைவெளி உட்பட ஒத்துப்போனால் அந்த முப்பது வருடத்துக்காவது சாட்சி இருக்கிறது.

ஹெரால்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அம்பாசடர் என்றால் பாதி வேலை கண்ணாலேயே முடிந்துவிடும். பழையதில் 1489 சி.சி. எஞ்சின், பின்னால் வந்த இசுசு பெட்ரோல் 1817 சி.சி., இரண்டும் பார்வைக்கே வேறு. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று போட்டு உள்ளே பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல் டீசல் எஞ்சின் உறுமினால் கேட்கவே வேண்டாம். ஹெரால்டு அப்படியில்லை. பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி முன்னால் போட்ட ஸ்டாண்டர்ட் டென்னிலும் 948 சி.சி., ஹெரால்டிலும் 948, 1972-ல் வந்த கெஸலிலும் 948. ஒரே குடும்பத்து எஞ்சின். சி.சி.யை வைத்து இங்கே எதுவும் சொல்ல முடியாது. நம்பரும் அதன் வரலாறும்தான் கதி.

அடுத்தது இரும்பு. பிளாக்கில் புடைத்து நிற்கும் எழுத்து வார்ப்பிலேயே வந்தது, அதே அச்சில் வார்த்த எல்லா பிளாக்குக்கும் பொது. அதைப் படித்துவிட்டு எஞ்சின் நம்பர் என்று நினைப்பவர்கள் நிறைய. உள்ளே குழிந்து பஞ்ச் அடித்திருப்பதுதான் நம்பர். செவர்லே மாதிரி அமெரிக்க வண்டிகளில் வார்த்த தேதியே பிளாக்கில் இருக்கும், ஜனவரிக்கு 'ஏ', டிசம்பருக்கு 'எல்' என்று. வண்டி வெளிவந்த தேதிக்குப் பிந்தைய வார்ப்பு என்றால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

பஞ்ச் அடித்த இடம்தான் சித்தப்பாவின் ஏரியா. எழுத்து வளைந்திருந்தால் டூப்ளிகேட் என்று நினைக்காதே என்பார், கம்பெனியிலும் மனுசன் கைதான் சுத்தியலைப் பிடித்தது. அவர் பார்ப்பது எழுத்தைச் சுற்றியுள்ள தரையை. பழைய நம்பரை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தால் அந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளமாகவோ வழவழப்பாகவோ இருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் ஐம்பது வருடம் நின்ற வண்டியில் அந்த ஓரிடம் மட்டும் பளபளவென்று இருக்க நியாயமே இல்லை. அழித்தாலும் முழுசாகப் போகாது. பஞ்ச் விழுந்த இடத்தில் அடியில் இருக்கும் இரும்பும் நசுங்கியிருக்கும், தடயவியல் லேபில் ஆசிட் தடவி அதை மேலே கொண்டுவருவார்கள். நீங்கள் மட்டும் வயர் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். சுத்தமான நம்பரைக்கூட அது சந்தேகக் கேஸாக்கிவிடும்.

சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒன்றாக இல்லையே என்று சிலர் பதறுவார்கள். அவை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்திருந்தாலும், அதற்குள் புது உறையாக ஸ்லீவ் போட்டிருந்தாலும் பிளாக் அதேதான், அதை எஞ்சின் மாற்றியதாகக் கணக்கெடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இவ்வளவு குடைச்சல் வேண்டாம். என்னைக் கேட்டால் நல்ல கெஸல் எஞ்சின் போட்ட ஹெரால்டு, புகை கக்கும் ஒரிஜினலைவிட எவ்வளவோ மேல். வி.ஏ. நம்பருக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. வண்டி மட்டும் மாதம் நாலு ஞாயிறும் எண்ணூர் வரை போய் வருகிறது. ஆனால் "ஒரிஜினல்" என்ற ஒரு சொல்லுக்காக அவர் கூடுதலாக விலை சொல்கிறார் என்றால், போகும்போது ஒரு டார்ச், மெல்லிய பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகம் கண்ணில் படும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.